கல்லூரி மாணவர்களுக்கு அரசு உதவியைக் கூட்டினால், முதல் பணம் எங்கே போக வேண்டும்?

பழைய பெஞ்ச் எழுதியது:

தேர்தல் நெருங்கினால் எந்த நாடாக இருந்தாலும் ஒரு கட்சியாவது "கல்லூரிப் படிப்பு இலவசம்" என்று அறிவித்துவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்க ஆகும் செலவில் கட்டணம் ஒரு பகுதிதான், அரசுக் கல்லூரிகளில் பல இடங்களில் அது சின்னப் பகுதி. மீதி வாடகை, சாப்பாடு, பயணம், புத்தகம், லேப்டாப். அப்புறம் யாரும் கணக்கில் எழுதாத ஒன்று இருக்கிறது, அந்த மூன்று நான்கு வருடம் வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம்.

ஓர் அரசு உயர்கல்வி உதவிக்கான ஒதுக்கீட்டை நாளைக்கே இரண்டு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பணத்தை எங்கே போடுவீர்கள்? எல்லோருக்கும் கட்டண ரத்தா, ஏழை மாணவர்களின் கையில் பணமா, கடன் வசதியா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைச் செலவுக்கான பணம்தான் முதலில், அதுவும் வகுப்பு தொடங்கும் முன்பே கையில் கிடைக்க வேண்டும். கட்டண ரத்து அதற்கு அடுத்தது. அடிக்க வருபவர்கள் வரலாம்.

வரிகட்டி எழுதியது:

அடிக்க வரவில்லை, ஆனால் அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். கல்லூரிக்குப் போகாத ஒருவர் கட்டும் வரியில், நாளைக்கு அவரைவிட அதிகம் சம்பாதிக்கப் போகிறவர் ஏன் இலவசமாகப் படிக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் 1974இல் பிரதமர் விட்லாமின் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை மொத்தமாக எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் உள்ளே போனவர்களில் பெரும்பகுதி வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். ஏனென்றால் ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தின் மேல் வகுப்புகளிலேயே உதிர்ந்துவிடுகிறது, கல்லூரி வாசல்வரை வந்தால்தானே கட்டணம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சு. கடைசியில் 1989இல் வேறு வழியில் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஜெர்மனியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள் என்று தெரியும். அங்கே சில மாநிலங்கள் கொண்டுவந்த கட்டணம் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, கடைசி மாநிலமான லோயர் சாக்சனி 2014இல் கைவிட்டது. சரி, கட்டணம் இல்லை. வாடகை? மாணவர்களுக்கான அரசின் பாஃபேக் உதவியில் வாடகைக்கென்று 2024இல் மாதம் 380 யூரோ என்று வைத்தார்கள். மியூனிக்கில் அந்தப் பணத்துக்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

பழைய பெஞ்ச் எழுதியது:

நீங்கள் சொன்னதே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறதே சார். கட்டணத்தை மட்டும் எடுத்தால் ஏற்கனவே உள்ளே வரக்கூடியவருக்குத்தான் லாபம்.

வரிகட்டி எழுதியது:

அதற்காக என்னை உங்கள் கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். உதவியே குறைவாக, கடனாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

மூன்றாம் செமஸ்டர் எழுதியது:

படித்துக்கொண்டிருக்கும் ஆள் ஒருத்தி பேசட்டுமா?

எனக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. தாளில் பார்த்தால் நான் "இலவசமாக" படிக்கிறேன். ஆனால் விடுதிப் பணம் முதல் வாரத்தில் கட்ட வேண்டும், உதவித்தொகை வருவதோ செமஸ்டர் பாதி தாண்டிய பிறகு. நடுவில் இருக்கும் அந்த மாதங்களுக்கு யார் பணம் தருவது? என் வகுப்பில் பலரும் தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்குகிறார்கள், கிடைக்காதவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள். உதவித்தொகை வந்ததும் அது அப்படியே அந்தக் கடனுக்குப் போய்விடுகிறது, வட்டி மட்டும் நம் பங்கு. அரசு கொடுத்த தொகையில் ஒரு பகுதி இப்படி மூன்றாவது ஆளிடம் போய்ச் சேருகிறது என்பதை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள்.

நானும் மாலையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். வேலை பார்ப்பதைப் பற்றிக் குறை இல்லை. ஆனால் ஆய்வக வகுப்பு எப்போதும் பிற்பகலில் வைக்கிறார்கள், ஷிஃப்டும் அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு தடவை ஷிஃப்டுக்குப் போனால் வருகைப் பதிவில் அடி, வருகை குறைந்தால் உதவித்தொகை நிறுத்தம், உதவித்தொகை நின்றால் இன்னும் கூடுதல் ஷிஃப்ட். இந்தச் சுற்றில் மாட்டி என் பெஞ்சிலிருந்து ஒரு தோழி போயேவிட்டாள். அவளுக்குக் கட்டணம் ஒரு பைசா பாக்கி இல்லை.

பழைய பெஞ்ச் எழுதியது:

இதைத்தான் தங்கை நான் சொல்ல வந்தேன், நீ என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாய்.

கேள்விக்குறி எழுதியது:

உணர்ச்சி புரிகிறது. ஆனால் பொருளாதாரக் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. அரசு உதவியைக் கூட்டினால் கல்லூரிகள் கட்டணத்தைக் கூட்டாதா? அமெரிக்காவில் ரீகன் ஆட்சியில் கல்விச் செயலராக இருந்த வில்லியம் பென்னட் 1987இல் கிளப்பிய வாதம் இது. மாணவன் கையில் அரசு வைக்கும் பணத்தைக் கல்லூரி தன் பைக்குள் இழுத்துக்கொள்ளும் என்றார்.

சும்மா அரசியல் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. ஸ்டெஃபானி செலினி, கிளாடியா கோல்டின் (2023இல் நோபல் வாங்கினாரே, அவர்தான்) இருவரும் அமெரிக்காவின் லாப நோக்கக் கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி சான்றிதழ். அரசு உதவி பெறத் தகுதியுள்ள கல்லூரிகளில் கட்டணம், தகுதியில்லாத கல்லூரிகளைவிட ஏறத்தாழ 75 சதவீதம் அதிகமாக இருந்தது. அப்படியானால் விரிவாக்கம் என்று நாம் கைதட்டுவது யாருக்காக?

கணக்கு வாத்தியார் எழுதியது:

கேள்விக்குறி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆனால் அந்த ஆய்வு லாப நோக்கக் கல்லூரிகளைப் பற்றியது என்பதை விட்டுவிடக் கூடாது. கட்டணத்தை அரசோ சட்டமன்றமோ நிர்ணயிக்கும் பொதுக் கல்லூரிகளில் இந்த விளைவு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை, ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணாகத்தான் இருக்கின்றன. கட்டண உச்சவரம்பு இல்லாத இடத்தில் உதவியைக் கொட்டினால் விலை ஏறும், வரம்பு இருந்தால் ஏற வழி குறைவு. ஆகவே உதவியை விரிக்கும்போதே எந்தக் கல்லூரிக்குப் போகும் பணத்துக்கு அரசு பொறுப்பேற்கும் என்ற வடிகட்டியும் கூடவே வர வேண்டும்.

இன்னொரு விஷயம். வாழ்க்கைச் செலவுக்கென்று மாணவனின் கணக்குக்கு நேராகப் போகும் பணத்தைக் கல்லூரி அவ்வளவு சுலபமாக இழுத்துக்கொள்ள முடியாது. விடுதிக் கட்டணத்தை ஏற்றி இழுக்கலாம், ஆனால் வெளியே தங்குபவனிடம் அதுவும் நடக்காது. பழைய பெஞ்ச் சொல்வதற்கு இப்படியும் ஓர் ஆதரவு இருக்கிறது.

அமெரிக்க அரசு ஏழை மாணவர்களுக்குத் தரும் பெல் உதவித்தொகையையும் பார்த்துவிடலாம். 1972இல் தொடங்கியது, 1980இல் செனட்டர் கிளேபோர்ன் பெல் பெயரை வைத்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கும் மொத்தச் செலவில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அதன் உச்சத் தொகையே தாங்கியது. இப்போது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். 2023-24இல் உச்சத் தொகை 7,395 டாலர், அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ஒரு டாலர்கூட ஏறவில்லை. வாடகை அப்படி நின்றதா? திட்டத்தை ஒழிக்காமலே சுருக்கும் வழி இது. தொகையைத் தொடாமல் விட்டால் போதும், விலைவாசி மீதியைப் பார்த்துக்கொள்ளும். யாரும் போராட மாட்டார்கள், ஏனென்றால் எதையும் வெட்டவில்லை பாருங்கள்.

வரிகட்டி எழுதியது:

விலைவாசியோடு தானாக ஏறும் உதவி என்றால் அரசுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் கடன் என்கிறேன்.

தென்திசை எழுதியது:

கடன் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். நான் ஆஸ்திரேலியாவில் படித்து அந்தக் கடனைக் கட்டி முடித்தவன். 1989இல் வந்த ஹெக்ஸ் திட்டம், புரூஸ் சாப்மன் என்ற பொருளாதார அறிஞர் வடிவமைத்தது. வங்கி கிடையாது, ஜாமீன் கிடையாது, மாதத் தவணை கிடையாது. சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால்தான் வரித்துறை மூலமாகப் பிடிப்பார்கள். வேலை போனால் பிடித்தம் தானாக நின்றுவிடும். 2025-26 முதல் அந்த அளவை 67,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியிருக்கிறார்கள்.

சாதாரண கல்விக் கடனுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே வேலை கிடைக்காதவன் வீட்டுக்கு வங்கியிலிருந்து போன் வரும், இங்கே வரித்துறைக்கு உன் சம்பளம் தெரியும், இல்லாதவனிடம் கேட்காது.

ஆனால் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். வட்டி இல்லை என்பார்கள், விலைவாசிக்கு ஏற்ப பாக்கி ஏறும். 2023இல் ஒரே அடியாக 7.1 சதவீதம் ஏறியது. வருடம் முழுக்கக் கட்டியும் பலருடைய பாக்கி முந்தைய வருடத்தைவிடக் கூடுதலாக நின்றது. கூச்சல் கிளம்பி, பிறகு சட்டத்தை மாற்றி, விலைவாசியா ஊதிய உயர்வா எது குறைவோ அதன்படிதான் ஏற்ற வேண்டும் என்று பின்தேதியிட்டுச் சரிசெய்தார்கள். 2025இல் எல்லோருடைய பாக்கியிலும் 20 சதவீதம் தள்ளுபடி வந்தது. நான் அதற்கு முன்பே கட்டி முடித்துவிட்டேன், நம் ராசி அப்படி.

கேள்விக்குறி எழுதியது:

இங்கிலாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998இல் 1,000 பவுண்டில் தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 ஆனது. அதைவிட எனக்கு உறுத்துவது, 2016இல் புதிதாகச் சேர்ந்த ஏழை மாணவர்களிடமிருந்து வாழ்க்கைச் செலவு மானியத்தை எடுத்துவிட்டு முழுவதும் கடனாக்கியதுதான். விளைவு என்ன? வீட்டில் பணம் உள்ளவன் குறைந்த கடனோடு வெளியே வருகிறான், இல்லாதவன் சாப்பிட்டதற்கும் சேர்த்துக் கடனோடு வருகிறான். 2023க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 40 வருடம் கழித்துத்தான் பாக்கி தள்ளுபடி. 18 வயதில் சேர்ந்தவனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுபதைத் தாண்டிவிடும்.

வரிகட்டி சார், கடன் என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா?

வரிகட்டி எழுதியது:

ஆஸ்திரேலிய வகையைச் சொல்கிறேன், இங்கிலாந்து வகையை அல்ல. அப்புறம், வருமானத்தை ஒழுங்காகப் பதிவு செய்யும் வரித்துறை இருந்தால்தான் அது நடக்கும் என்பதும் தெரியும். பாதிப் பேர் கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கும் நாட்டில் யாரிடம் பிடிப்பது?

உதவிப் பிரிவு எழுதியது:

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் ஆள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். எல்லோரும் தொகையைப் பற்றியே பேசுகிறீர்கள், என் மேசைக்கு வந்து பாருங்கள்.

நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் "வசதியானவர், தகுதி இல்லை" என்று போவது கொஞ்சம்தான். பெரும்பாலும் இப்படித்தான்: பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் பின்னால் இருக்கிறது, கணினி இரண்டையும் வேறு வேறு ஆள் என்று நினைக்கிறது. வருமானச் சான்றிதழின் ஆயுள் விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆனால் ஒரு வருடமாகப் பணம் போடாததால் உறக்கத்தில் இருக்கிறது, அரசு அனுப்பிய தொகை போன வேகத்தில் திரும்பிவிடுகிறது. திரும்பிய பணத்தை மறுபடி அனுப்ப ஒரு தனிக் கோப்பு, அதற்குத் தனி ஒப்புதல், அதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். மாணவனுக்கு வரும் குறுஞ்செய்தியில் "பணம் அனுப்பப்பட்டது" என்றுதான் இருக்கும். அவன் என்னிடம் வந்து சண்டை போடுவான். நியாயம்தான், வேறு யாரிடம் போவான்?

தொகையை இரண்டு மடங்காக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டால் ஒழுகுவதும் இரண்டு மடங்காகும்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

உதவிப் பிரிவு சொல்வதற்கு நேரடிச் சான்று இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், 2012இல் வெளியானது. வருமான வரி தாக்கல் செய்ய வந்த குறைந்த வருமானக் குடும்பங்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அங்கேயே உட்காரவைத்து, வரி விவரத்தை வைத்தே கல்லூரி உதவி விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு "உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கலாம்" என்ற தகவல் மட்டும். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான கையேடு. நிரப்பிக் கொடுத்த வீடுகளில் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள் கல்லூரி சேர்வது ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றமே இல்லை. உதவித்தொகை ஒரு டாலர்கூடக் கூட்டப்படவில்லை, கவனியுங்கள்.

இரண்டாவது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் டைனார்ஸ்கி குழு செய்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு ஒரு கடிதம்: உனக்கு இடம் கிடைத்தால் நான்கு வருடக் கட்டணமும் கிடையாது, இது உறுதி, எந்த வருமானப் படிவமும் நிரப்ப வேண்டாம். உண்மையில் அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கனவே அந்த அளவு உதவி கிடைத்திருக்கும். ஆனால் கடிதம் வந்தவர்களில் 68 சதவீதம் விண்ணப்பித்தார்கள், வராதவர்களில் 26 சதவீதம்தான். சேர்ந்தவர்கள் அங்கே 27 சதவீதம், இங்கே 12. ஒரே தொகை, "கிடைக்கலாம்" என்பதற்குப் பதில் "கிடைக்கும்" என்றார்கள், அவ்வளவே.

ஏழை வீட்டில் "விண்ணப்பித்துப் பார், வந்தால் லாபம்" என்று எடுக்க முடியாது. வராவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. வசதியான வீட்டில் அந்தக் கேள்வியே எழாது, அதனால் கொள்கை வகுப்பவர்களுக்கும் அது தோன்றுவதில்லை என்று நினைக்கிறேன்.

எளிமையாக்குவதையும் அவசரமாகச் செய்தால் விபரீதம்தான். அதே அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்த படிவத்தைச் சுருக்கிப் புதிதாக வெளியிட்டார்கள். வழக்கமாக அக்டோபரில் திறப்பது 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது, அதுவும் கோளாறோடு. கல்லூரிகள் எவ்வளவு உதவி என்று சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தன. நல்ல நோக்கம், மோசமான மென்பொருள்.

பழைய பெஞ்ச் எழுதியது:

அப்படியானால் வருமானச் சான்றிதழே கேட்காமல் ஏழை மாணவர்களை அடையாளம் காண வழி உண்டா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

உண்டு. தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2022இல் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு. 2024இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று அதையே விரித்தார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் அடையாளம் காணும் முறையைப் பாருங்கள், எந்தப் பள்ளியில் படித்தாய் என்பது மட்டும்தான் கேள்வி, அது அரசின் பதிவேட்டிலேயே இருக்கிறது. சில வசதியானவர்களும் உள்ளே வருவார்கள், வரட்டும். அவர்களை வடிகட்டும் செலவும், அந்த வடிகட்டியில் தவறாகச் சிக்கும் ஏழைகளும் அதைவிடப் பெரிய இழப்பு.

வருமான வரம்பில் இன்னொரு தொல்லை, அந்தக் கோட்டில் ஒரு ரூபாய் தாண்டினால் முழு உதவியும் போய்விடுவது. அப்பாவுக்கு ஊதிய உயர்வு வந்தால் பிள்ளையின் உதவித்தொகை போகும் என்றால் யார் உண்மையான வருமானத்தைச் சொல்வார்கள்? படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஒரே வெட்டாக வெட்டக் கூடாது.

வரிகட்டி எழுதியது:

பணம் கொடுத்தாகிவிட்டது, படிவமும் சுலபமாகிவிட்டது. படித்து முடிக்கிறார்களா? சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டி மார்தட்டுவது சுலபம். நியூசிலாந்து 2018இல் முதல் வருடக் கட்டணத்தை இலவசமாக்கியது. எதிர்பார்த்த அளவுக்குச் சேர்க்கை கூடவில்லை. 2025இலிருந்து முதல் வருடத்துக்குப் பதிலாகக் கடைசி வருடம் இலவசம் என்று மாற்றினார்கள், முடித்தால்தான் சலுகை.

மூன்றாம் செமஸ்டர் எழுதியது:

கடைசி வருடம்வரை தாக்குப்பிடிக்கிறவனுக்குத்தான் உதவி என்றால், தாக்குப்பிடிக்க முடியாதவனுக்கு என்ன பதில்?

கணக்கு வாத்தியார் எழுதியது:

அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. படிப்பை முடிக்க வைத்த திட்டம் ஒன்று இருக்கிறது. நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஏசாப். மற்ற உதவித்தொகை போகக் கட்டணத்தில் குறையும் தொகையைக் கொடுத்தார்கள், பாடப்புத்தகத்துக்கு உதவி, பேருந்து ரயிலுக்கு மெட்ரோ அட்டை, அதோடு ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர். அந்த ஆலோசகரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும், பார்த்தால்தான் மெட்ரோ அட்டை. குலுக்கல் முறையில் ஒப்பிட்டதில், மூன்று வருடத்தில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

செலவு அதிகம்தான் வரிகட்டி சார், நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் பட்டம் வாங்கும் ஒருவருக்கு ஆகும் செலவாகக் கணக்கிட்டால் வழக்கமான முறையைவிடக் குறைவாகவே வந்தது. இடையில் நின்றவனுக்குச் செலவழித்த பணம் யார் கணக்கிலும் சேராது என்பதை மறந்துவிடுகிறோம்.

வரிகட்டி எழுதியது:

இந்த ஒரு திட்டத்துக்கு என் வரியை எடுத்துக்கொள்ளலாம். மெட்ரோ அட்டையைக் காட்டி ஆலோசகரிடம் வரவைத்தது பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் கட்டண ரத்து என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, அதை யாரும் மாற்றவும் இல்லை.

தென்திசை எழுதியது:

உதவிப் பிரிவு அவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உடம்பு சரியில்லாமலோ வீட்டுப் பிரச்சினையாலோ ஒரு செமஸ்டர் விட்டுவிட்டுத் திரும்பி வருபவருக்கு உதவி தொடருமா? சிலியில் 2016இல் கொண்டுவந்த இலவசக் கல்வியே, படிப்புக்கென்று குறித்த காலத்துக்கு மட்டும்தான், அதைத் தாண்டினால் மாணவர் கையிலிருந்து பணம் போகும். தாமதமாக முடிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள்தான் என்பதால் கேட்கிறேன்.

மூன்றாம் செமஸ்டர் எழுதியது:

நானும் இதைத்தான் கேட்க இருந்தேன். என் தோழி திரும்பி வர நினைக்கிறாள்.

உதவிப் பிரிவு எழுதியது:

நான் பார்க்கும் படிவத்தில் "புதிய மாணவர்", "தொடரும் மாணவர்" என்று இரண்டே கட்டங்கள். திரும்பி வருபவர் இரண்டிலும் பொருந்த மாட்டார். புதியவர் என்று போட்டால் ஏற்கனவே இந்தப் பதிவெண் இருக்கிறது என்று கணினி தள்ளிவிடும், தொடரும் மாணவர் என்று போட்டால் போன செமஸ்டர் மதிப்பெண்ணைக் கேட்கும், அது கிடையாது. நாங்கள் செய்வது, மருத்துவச் சான்றும் துறைத் தலைவரின் கடிதமும் வைத்துத் தாளில் எழுதி மேலே அனுப்புவது. சில வரும், சில வராது.

உங்கள் தோழியை இடைவிடுப்புக்குத் தேதி போட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள் அம்மா, இப்போதே. வெறுமனே வராமல் நின்றவர் என்று பதிவானால் பிறகு நான் கடிதம் எழுதியும் பிரயோஜனம் இல்லை. வங்கிக் கணக்கையும் உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள், ஐம்பதோ நூறோ போட்டு எடுத்தால் போதும்.